கவரைப்பேட்டைக் கீரி

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு எங்கள் வீட்டில் மூன்று பேர் டிவி முன்னால் உட்காருவோம். பார்ப்பது ஒரே நிகழ்ச்சி. வீட்டுத் தோட்டங்களில் வாழும் அணில், ஓணான், குருவி, நத்தை வகையறாவைப் பற்றிய அரை மணி நேரம். அபிப்பிராயம் மட்டும் ஆளுக்கு ஒன்று.

என் வீட்டுக்காரருக்கு இசைதான் பிரச்சினை. "ஒரு ஓணான் செவுத்து மேல ஏறிப் போவுது. அதுக்கு இன்னாத்துக்கு வயலினு? எழவு ஊடு மாதிரி கீது," என்பார். சொல்லிவிட்டு அந்த வயலினுக்கே கண் சொருகித் தூங்கிவிடுவார். ராத்திரி ஷிப்ட் முடித்து வந்தவரை என்ன சொல்வது?

பக்கத்து வீட்டு அக்கா பழவேற்காட்டில் பிறந்தவர். அங்கே வியாபாரம் செய்கிற முஸ்லிம் குடும்பம். கல்யாணமாகி இங்கே வந்துவிட்டார். அவர் கணவருக்குக் கவரைப்பேட்டை ரோட்டோரம் பெயிண்ட் கடை. ஏரியில் பூநாரைக் கூட்டம் வந்து நிற்பதைப் பார்த்து வளர்ந்தவருக்கு அணிலெல்லாம் ஒரு பொருட்டா? "இன்னாம்மா இவன், ஒரு அணில காட்டிட்டு ஆஹா ஓஹோன்னு கத்தினுகீறான்? அவன் ஊட்டாண்ட அணிலே இல்லியா?" என்பார். தொகுப்பாளர் போட்டிருக்கும் மேல்சட்டையில் ஏகப்பட்ட பாக்கெட்டுகள் உண்டு. ஒன்றிலிருந்தும் அவர் எதையும் எடுத்து நாங்கள் பார்த்ததில்லை. "அத்தினி பாக்கெட்ல இன்னாதான் வச்சிகினுகீறான்?" என்று அக்கா வாராவாரம் கேட்பார். இவ்வளவு குறை சொன்னாலும் ஒரு வாரம்கூடத் தவறவிட்டதில்லை. பத்து இருபதுக்கே சேமியா பாயசமோ சமோசாவோ தட்டில் மூடி எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

என் அபிப்பிராயம் சுருக்கமானது. எல்லாம் செட்டப்.

இதற்கு என் வேலையைத்தான் குற்றம் சொல்லவேண்டும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கட்டடக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் எனக்குத் தரம் பார்க்கும் வேலை. கம்பியை மெஷினில் கொடுத்து வளைத்துப் பார்ப்பேன். வளைந்த இடத்தில் மயிரிழை விரிசல் தெரிந்தாலும் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டு ஒதுக்கிவிடுவேன். இதையே வருடக்கணக்காகச் செய்கிறவளுக்கு எதைப் பார்த்தாலும் வளைத்துப் பார்க்கத்தான் கை துறுதுறுக்கும். சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணப் பேச்சுக்குக்கூட என்னைக் கூப்பிடுவதில்லை.

ஒரு வாரம் தையல்சிட்டின் கூட்டைக் காட்டினார்கள். இலையை மடித்துத் தைத்து, உள்ளே பஞ்சு வைத்து, முட்டையிட்டு, குஞ்சு பொரித்து... தொகுப்பாளர் உருகிப் போய்விட்டார். "ஒரே கூட்டை இருபது நாள் பொறுமையாகக் காத்திருந்து படம் பிடித்தோம்" என்றார். நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முட்டை இருந்தபோது அது வாதாமர இலை. குஞ்சு வந்தபோது கொய்யா இலை. முட்டை பொரிக்கலாம், மரம் மாறுமா?

திரையின் அடியில் நேயர்களுக்கு என்று ஒரு வாட்ஸப் எண் ஓடும். அதற்கு எழுதிப் போட்டேன். அடுத்த வாரம் கடைசி ஐந்து நிமிடத்தில், நேரலையாக வரும் நேயர் கருத்துப் பகுதியில், தொகுப்பாளர் அதை வாசித்தார். "கவரைப்பேட்டையிலிருந்து ஒரு நேயர் நம் தவறைக் கண்டுபிடித்துவிட்டார்" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் பல்தான் இருந்தது. அக்கா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். தூங்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்து, "யாரு, யாரு செத்தது?" என்றார்.

அந்த நேயர் நான்தான் என்பது அதற்குள் பரவிவிட்டது; மறுநாள் ரயிலில் லேடீஸ் பெட்டியில் எனக்கு ஜன்னலோர சீட் கிடைத்தது. கவரைப்பேட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டி அடுத்த ஸ்டேஷன்தான். உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் இறங்கவேண்டும். ஆனாலும் சென்னையிலிருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து வந்த பெண் எழுந்து கொடுத்தாள் என்றால் அது லேசான மரியாதையா?

அந்த ருசி பொல்லாதது. அடுத்த வாரமும் எழுதினேன். நத்தையின் வேகத்தைப் பற்றி, பின்னணிக் குரல் கொடுப்பவரின் மூக்கடைப்பைப் பற்றி, எல்லாம் நியாயமான கருத்துகள். ஒன்றையும் வாசிக்கவில்லை. நாலு வாரம் பொறுத்தேன். ஐந்தாம் வாரம் கீரியைக் காட்டினார்கள். அது நடந்துபோன விதத்தில் எனக்கு ஏதோ சந்தேகம். சந்தேகத்துக்கு ஒரு கனம் வேண்டுமே என்று ஒரு வரி சேர்த்தேன்: "எங்கள் தோட்டத்துக்குத் தினமும் ஒரு கீரி தன் இரண்டு குட்டிகளோடு வருகிறது. அது இப்படி நடப்பதில்லை."

வாசித்துவிட்டார்கள்.

தோட்டம் என்று நான் எழுதியதைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குப் பின்னால் ஒரு கட்டிலை நீளவாக்கில் போட்டால் அகலம் முடிந்துவிடும். ஒரு முருங்கை, ஒரு கொய்யா, ஒரு கறிவேப்பிலை, துணி துவைக்கிற கல், ஒரு சின்னக் கீரைப் பாத்தி, மூலையில் உடைந்த செங்கல்லும் தகரமும். ஆலைப் புகை இந்தப் பக்கம் அடிக்கிற நாளில் கறிவேப்பிலையைத் துடைத்துவிட்டுத்தான் தாளிக்கவேண்டும். அணில் வரும். ஓணான் உண்டு. செங்கல் குவியலில் தேரையும் அரணையும் குடியிருந்தன. கீரியை நான் என் வாழ்க்கையில் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன், இரண்டும் பஸ் ஜன்னலிலிருந்து.

ஆனால் ஒரு தடவை கீரி வந்தபின் மற்றவை வருவதற்கு வழி தெரிந்துவிட்டது. அடுத்த மாதம் மரங்கொத்தி வந்தது. அதற்கடுத்து ஆந்தை ஜோடி ஒன்று. மழைக்காலத்தில் ஓர் ஆமையை வரவழைத்தேன். ஒவ்வொன்றையும் சாட்சியாக வைத்துக்கொண்டு நிகழ்ச்சியில் குற்றம் கண்டுபிடித்தேன். "எங்கள் ஆந்தை இப்படி விழிக்காது." "உங்கள் மரங்கொத்தி கொத்துகிற சத்தம் பின்னால் சேர்த்தது." எல்லாவற்றுக்கும் கடைசி வரி ஒன்றுதான்: "நேயர்களை ஏமாற்றவேண்டாம்."

இதில் என் நெஞ்சைக் குத்திய விஷயம் ஒன்று உண்டு. அக்கா டீ டம்ளரோடு சுவரோரம் நின்று எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார்.

"இன்னாக்கா பாக்குறீங்க?"

"உன் கீரியத்தாம்மா. நானும் தெனம் பாத்துக்கினேகீறேன், என் கண்ணுல மாட்டவே மாட்டேங்குது. கண்ணாடி மாத்தணும்போல."

அப்போதே சொல்லியிருக்கலாம். "அது ஆளு நின்னா வராதுக்கா" என்றேன். ஊரில் எல்லோரையும் சந்தேகப்படுகிற என்னை ஒருத்தி சந்தேகமே இல்லாமல் நம்புகிறாள் என்பது எனக்குச் சங்கடமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. பெருமை கொஞ்சம் அதிகம் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு திங்கட்கிழமை, நான் கம்பியை மெஷினில் கொடுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. நிகழ்ச்சியிலிருந்து ஒரு பெண் பேசினார். நேயர்களின் தோட்டத்துக்கே வந்து படம் பிடிக்கப்போகிறார்களாம். முதல் தோட்டம் என்னுடையதாம். "சனிக்கிழமை காலைல வர்றோம் மேடம். கீரி எத்தனை மணிக்கு வரும்?"

"ஒம்பது, ஒம்பதரை" என்று என் வாய் சொல்லிவிட்டது. மெஷினில் இருந்த கம்பி வளைந்து, இன்னும் வளைந்து, ஜடைப்பின்னல் போல ஆகிவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கக்கினேன். ஒரு வருடமாக ஊரறிய ஒருவனைப் பொய்யன் என்று சொல்லியிருக்கிறேன். இப்போது அவனே கேமராவோடு வந்து என் பொய்யைப் படம் பிடிக்கப்போகிறான். அதன் பிறகு லேடீஸ் பெட்டியில் எந்த முகத்தோடு ஏறுவது? ஆலையில் நான் சிவப்புக் கோடு போட்டால் யார் மதிப்பார்கள்? "உன் கீரி மாதிரிதானே இந்த விரிசலும்" என்று கேட்டுவிட மாட்டார்களா? என் பிழைப்பே என் வார்த்தையில்தான் ஓடுகிறது.

அவர் காலை நாஷ்டாவில் மிஞ்சியிருந்த வடையை நிதானமாகத் தின்று முடித்தார். அவர் இன்னொரு ஆலையில் ஃபிட்டர். பதறுவது அவர் ரத்தத்தில் இல்லை.

"இதுக்குப் போயி பேஜாராவுற. ஆடிட்னு நெனச்சிக்கோ."

தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. வெளியிலிருந்து ஆடிட் வருகிறது என்றால் எல்லா ஆலையிலும் ஒரே சடங்குதான். முதலில் கூட்டு. அப்புறம் கழுவு. எதெல்லாம் ஆடுகிறதோ அதை இறுக்கு, எதெல்லாம் ஆடவில்லையோ அதற்குப் பெயிண்ட் அடி. மரம் இருந்தால் அடிமரத்துக்குக் காவி வெள்ளைப் பட்டை. கல் இருந்தால் வரிசையாக வை. நாங்கள் இரண்டு பேரும் இதை எத்தனையோ தடவை செய்து, எத்தனையோ ஆடிட்டர்களிடம் "வெரி குட்" வாங்கியவர்கள். வேறு விதமாக யோசிக்க எங்களுக்குத் தெரியாது. நான் லீவு போட்டேன். அவர் ஷிப்ட் மாற்றிக்கொண்டார்.

மூன்று நாள் வேலை. ஒரு சருகு விடாமல் கூட்டி அள்ளினோம். செங்கல் குவியலையும் தகரத்தையும் வண்டி வைத்து அப்புறப்படுத்தினோம். முருங்கையில் கொத்துக் கொத்தாக இருந்த கம்பளிப்பூச்சியைத் துணிப் பந்தம் கட்டி வீட்டுக்காரர் கருக்கினார். எறும்புப் புற்றுக்கு மருந்து தூவினேன். இலைகளில் இருந்த கரிப்படலம் போக சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சி ஒவ்வொரு மரத்தையும் குளிப்பாட்டினோம். காவியும் சுண்ணாம்பும் அக்காவின் கடையிலிருந்து வந்தன. அக்காவே சுவருக்கு அந்தப் பக்கம் நின்று மேற்பார்வை பார்த்தார்.

"இந்தாண்ட ஒரு கோட்டிங் வுட்டுப் போச்சு பாரு... இவ்ளோ ஆர்ப்பாட்டம் பண்றீங்களே, கீரி பயந்துக்கினு ஓடிடப் போவுதும்மா!"

"வந்துடும்கா, வந்துடும்" என்றார் என் வீட்டுக்காரர். முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை. மனுஷன் நடிக்கப் போயிருக்கவேண்டும்.

வெள்ளிக்கிழமை மாலை தோட்டம் ஆலையின் முன்வாசல் போலப் பளபளத்தது. கொய்யாவுக்குக் காவி வெள்ளை. முருங்கைக்குக் காவி வெள்ளை. துவைக்கிற கல்லுக்கும் காவி வெள்ளை. கீரைப் பாத்தியைச் சுற்றி மஞ்சள் கோடு. நாங்கள் இரண்டு பேரும் இடுப்பில் கை வைத்து நின்று ரசித்தோம். ரசித்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. சத்தமே இல்லை. அணில் இல்லை. ஓணான் இல்லை. தேரையும் அரணையும் செங்கல்லோடு வண்டி ஏறிப் போய்விட்டிருந்தன. ஒரு எறும்பைப் பார்ப்போம் என்று குனிந்து தேடினேன். அதுகூடக் கிடைக்கவில்லை. உயிரினங்களைப் பற்றிய நிகழ்ச்சிக்காக ஒரு உயிர் மிச்சமில்லாமல் துடைத்து வைத்திருந்தோம்.

"ஆடிட்டர் வந்தா பாராட்டிட்டுப் போவாரு" என்றார் வீட்டுக்காரர். அவருக்கே குரல் கம்மியிருந்தது.

சனிக்கிழமை எட்டரைக்கு வேன் வந்தது. தொகுப்பாளர் இறங்கினார், அதே பாக்கெட் சட்டை. கூடவே நரைத்த தாடியோடு கேமராக்காரர். தெருவே வாசலில் நின்றது. அக்கா நல்ல புடவை கட்டி, சுவரோரம் ஸ்டூல் போட்டு ஏறி நின்றார். நேரடியாகக் கேட்டுவிட்டார்: "தம்பி, அந்தப் பாக்கெட்ல இன்னா வச்சினுகீறீங்க?" தொகுப்பாளர் கூச்சத்தோடு ஒரு பாக்கெட்டைத் திறந்து காட்டினார். இருமல் மிட்டாய்.

பின்பக்கம் வந்தார்கள். காவி வெள்ளையைப் பார்த்தார்கள். மஞ்சள் கோட்டைப் பார்த்தார்கள்.

"ரொம்ப... சுத்தமா வச்சிருக்கீங்க மேடம்" என்றார் தொகுப்பாளர்.

காத்திருந்தோம். ஒன்பது, ஒன்பதரை, பத்து. டீ கொடுத்தேன். இரண்டாவது தடவையும் கொடுத்தேன். "எப்பவும் இந்நேரம் வந்துடும், இன்னிக்கின்னு பாத்து..." என்று நான் இழுத்தேன். தொகுப்பாளர் என்னைப் பார்த்துச் சிரித்தார். இந்தத் தடவை அது நிஜமான சிரிப்பு.

"கவலைப்படாதீங்க மேடம். எங்களுக்கு இது பழக்கம்தான்." வேனுக்குப் போனவர் ஒரு அட்டைப்பெட்டியோடு திரும்பினார். மூடியில் சின்னச் சின்ன ஓட்டைகள். உள்ளே வெள்ளையும் மஞ்சளுமாகப் பட்டாம்பூச்சிகள், ஒரு பாட்டிலில் நாலு நத்தை. "இதை விட்டு எடுத்துடலாம். நீங்க கேமராவைப் பாத்து, 'தினமும் எங்க தோட்டத்துக்கு வருது'ன்னு மட்டும் சொல்லுங்க. கீரிக்குப் பழைய ஷாட் இருக்கு, சேத்துக்கலாம்."

ஒரு வருடமாக நான் எழுதிய அத்தனையும் சரி! எல்லாம் செட்டப்தான்! கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். ஆனால் யாரிடம் சொல்வது? எந்த வாயால் சொல்வது? அந்த ஆள் என்னை ஒரு கூட்டாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். அந்தப் பார்வையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எனக்குக் கோபம் வந்தால் காது சூடாகும். இரண்டு காதும் சூடாகிவிட்டன.

கேமரா ஓட ஆரம்பித்தது. பட்டாம்பூச்சிகளைத் திறந்துவிட்டார்கள். அவை கொய்யாவின் சோப்பு வாசனையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நேராக அக்கா வீட்டுப் பக்கம் போய்விட்டன. தொகுப்பாளர் கண்ணைக் காட்டினார். நான் கேமராவைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்:

"இந்தப் பட்டாம்பூச்சி பெட்டியில வந்துச்சு. நத்தை பாட்டில்ல வந்துச்சு. எங்க தோட்டத்துக்குத் தினமும் வருதுன்னு நான் எழுதின கீரி வரவே இல்ல. ஆந்தையும் வரல, ஆமையும் வரல. நான் எழுதினதும் பொய், இவங்க காட்டுறதும் பொய்."

சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசானது. ஒரு நிமிடம்கூட அது நீடிக்கவில்லை. சுவருக்கு மேலே இருந்து ஒரு குரல் வந்தது.

"இன்னாது? கீரி இல்லியா?"

அக்கா ஸ்டூலில் நின்றபடி இரண்டு கையாலும் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இல்லக்கா."

"ஒண்ணுகூடவா?"

"இல்லக்கா."

"அட அல்லாவே! பத்து மாசமா ஏழு கோழிய கூண்டுல அடச்சி வச்சிகினுகீறேனே! உன் கீரி புடிச்சினு பூடும்னு, வாரி வாரித் தீனி போட்டுக்கினுகீறேனே! என் பையன் கேட்டான், 'யம்மா, யாரும் பாக்காத கீரிக்கு எதுக்கு பயப்படுற'ன்னு. நான் அவன அடிச்சேன்மா. 'அவ பொய் சொல்ல மாட்டாடா'ன்னு சொல்லி அடிச்சேன்!"

அக்காவின் கோழிகள் பல மாதங்களாக எங்கள் பக்கம் வராததை நான் கவனித்திருந்தேன். கீரைப் பாத்தி பிழைத்தது என்று சந்தோஷப்பட்டிருந்தேன். ஏன் என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. விரிசல் பார்க்கிற கண் எனக்கு!

அக்கா ஸ்டூலிலிருந்து இறங்கினார். அப்புறம் கூண்டின் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. ஏழு கோழிகளும் கொக்கரித்துக்கொண்டு வெளியே வந்தன.

தொகுப்பாளர் தலையில் கை வைத்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். கேமராக்காரர் மட்டும் கேமராவை முருங்கையின் உச்சிக்குத் தூக்கியிருந்தார். "தம்பி, இங்க பாரேன்" என்றார். அங்கே ஒரு காக்கை கூட்டில் உட்கார்ந்திருந்தது. எங்கள் பந்தமும் சோப்புத் தண்ணீரும் எட்டாத உயரம். கூடு முழுக்கக் கட்டுக்கம்பி. ஆலைகளில் கம்பிக் கட்டைப் பிரிக்கும்போது வெட்டிப் போடுகிற துண்டுகளைப் பொறுக்கி வந்து, முறுக்கி, பின்னி, நடுவில் சணலை மெத்தையாகப் போட்டிருந்தது. நான் கழுத்து வலிக்கிற வரை பார்த்தேன். தினம் அதன் கீழே நின்று துணி காயப்போடுகிறவள், ஒரு வரி எழுதியதில்லை. காக்கையைப் பற்றி யார் கேட்பார்கள் என்ற நினைப்பு. தொகுப்பாளரும் அதையேதான் சொன்னார்: "காக்காய யாருண்ணே பாப்பாங்க?" தாடிக்காரர் அதை ரொம்ப நேரம் படம் எடுத்தார்.

அடுத்த நாள் ஞாயிறு. பத்து இருபதுக்கு அக்கா வரவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு எங்கள் தோட்டம் டிவியில் வந்தது. அன்றும் அக்கா வரவில்லை. நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம். என்னைக் காட்டினார்கள். நான் வாயைத் திறந்தேன். "இந்தப் பட்டாம்பூச்சி..." அங்கே ஒரு வெட்டு. "எங்க தோட்டத்துக்குத் தினமும் வருது." அங்கே ஒரு வெட்டு. பிறகு யார் வீட்டுக் கீரியோ இரண்டு குட்டிகளோடு புல்வெளியில் ஓடியது. அடிமரத்துக் காவி வெள்ளையைத் தவிர அதில் ஒன்றுகூட எங்களுடையது இல்லை. காக்கை வரவில்லை. வயலின் மட்டும் கடைசிவரை ஓடியது.

"ஒட்டு வேல சுத்தமா கீது" என்றார் வீட்டுக்காரர், ஃபிட்டர் பார்வையில். அன்றைக்கு மட்டும் அவர் தூங்கவில்லை.

திங்கட்கிழமை லேடீஸ் பெட்டியில் கை கொடுத்தார்கள். கீரிக் குட்டிகள் அழகு என்றார்கள். அதெல்லாம் பொய் என்றேன். "அடக்கத்தைப் பாரேன்" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள். ஊர் முழுக்க என்னை நம்பியது. அடுத்த வீடு மட்டும் நம்பவில்லை. எனக்கு அடுத்த வீடுதான் வேண்டியிருந்தது.

தட்டில் அதிரசம் வைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர், "வாங்க" என்றார். வாம்மா இல்லை, வாங்க. "உக்காருங்க. டீ சாப்புடுறீங்களா?" என்னை அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. மன்னிச்சிடுங்கக்கா என்றேன். "அய்ய, அதெல்லாம் இன்னா இருக்குங்க" என்றார். அதிரசத்தை வாங்கி வைத்துக்கொண்டு, தட்டைக் கழுவித் துடைத்து, காலியாகத் திருப்பிக் கொடுத்தார். இத்தனை வருடத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு தட்டு காலியாகப் போனதில்லை. அதை வாங்கிக்கொண்டு வந்து சமையலறையில் நின்று நன்றாக அழுதேன்.

மூன்றாவது ஞாயிறு, பத்து இருபதுக்கு, வாசலில் செருப்புச் சத்தம். அக்கா. கையில் மூடிய தட்டு, சமோசா வாசனை. எதுவும் நடக்காததுபோல வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். பேசினால் அழுதுவிடுவேன் என்று டிவியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு மண்புழு. அக்கா ஒரு குறையும் சொல்லவில்லை. அது எனக்கு விசித்திரமாகப் பட்டிருக்கவேண்டும்.

கடைசி ஐந்து நிமிடம். நேயர் கருத்து. தொகுப்பாளர் போனை எடுத்துத் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் முகத்தில் ஒரு திருவிழா தெரிந்தது.

"இதுவும் கவரைப்பேட்டையிலிருந்துதான். புது நேயர். எழுதியிருக்கிறார்: 'நிகழ்ச்சி அருமை. உங்களுக்குப் பட்டாம்பூச்சியைப் பெட்டியில் கொண்டுபோகத் தெரிகிறது, எங்கள் பக்கத்து வீட்டுக்காரிக்கு அதுகூடத் தெரியவில்லை. அவள் தோட்டத்தில் கீரி கிடையாது. நான் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன், எனக்குத் தெரியும். தமிழ்நாட்டில் கோழி வளர்க்கிற எல்லோருக்கும் சொல்கிறேன். டிவியில் வருகிற கீரியை நம்பிக் கோழியை அடைக்காதீர்கள். முட்டை குறையும்.'"

வாசித்து முடித்த பிறகுதான், பெட்டி விஷயத்தைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டோம் என்பது அவருக்குப் புரிந்திருக்கவேண்டும். முகத்திலிருந்த சிரிப்பு பாதியில் நின்றது. அவசரமாக விளம்பரம் போட்டார்கள்.

என் இரண்டு காதும் சூடாகிவிட்டன. வீட்டுக்காரர் சட்டென்று கண்ணை மூடித் தூங்குவதுபோல நடித்தார். வயிறு மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. நாளைக் காலை ரயில், ஆலை, சிவப்புப் பெயிண்ட், எல்லாம் ஒரு நொடியில் கண்முன் வந்து போயின.

அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. தட்டைத் திறந்து, பெரிய சமோசாவாக ஒன்றைப் பொறுக்கி என் கையில் வைத்தார்.

"சாப்புடும்மா," என்றார். "சூடா கீது."